எண்பத்தைந்தரை

ஆறு வருடமாக என் இடுப்புச் சுற்றளவு எண்பத்து நாலரை சென்டிமீட்டர். ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை. கம்பெனிக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதே ஆறு வருடத்தில் என் மனைவி சிசே என் யூனிஃபார்ம் பேன்ட்டை நாலு தடவை பிரித்துத் தைத்தாள். அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

எண்பத்தைந்துதான் கோடு. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றுவார்கள். எண்பத்தைந்தைத் தொட்டுவிட்டால் அடுத்ததாக ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிச் சிக்கிக்கொண்டவனுக்கு எங்கள் டிப்போவில் மெட்டாபோ என்று பெயர். ஆஸ்பத்திரியில் அது வியாதியின் பெயராக இருக்கலாம். எங்களுக்கு அது வசவு.

டேப்பை ஏமாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூச்சை நெஞ்சுக்கு ஏற்றித் தொப்புளை முதுகெலும்போடு ஒட்டவைக்க வேண்டும். முகத்தில் மட்டும் எதையும் காட்டக் கூடாது. முன்னால் ஒரு சைக்கிள் போகிறது, அதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது போல நான் முகத்தை வைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் வந்த நர்ஸ் சின்னப் பெண், என் முகத்தைப் பார்த்தே எழுதிக்கொடுத்துவிடுவாள்.

வயிற்றை மறைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் அழகன் இல்லை. எனக்குப் பயம் ஸ்டியரிங்கைப் பற்றித்தான். ஹிராயாமா என்று எங்களுக்கு ஒரு சீனியர் இருந்தார். பரிசோதனையில் நெஞ்சில் ஏதோ கோளாறு என்றார்கள். அன்றைக்கே அவரை வண்டியிலிருந்து இறக்கி, கையில் ஒரு குழாயைக் கொடுத்து பஸ் கழுவ விட்டார்கள். முப்பது வருடம் மலைப்பாதையில் ஓட்டிய மனுஷன். அடுத்த வசந்த காலத்துக்குள் வேலையையே விட்டுவிட்டார். அந்த இடத்தில் நான் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்திலிருந்து மேட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுகிற ஏழாம் நம்பரில் பதினேழு வளைவு. அந்தப் பதினேழையும் விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

இன்னொன்றையும் மறைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து நூற்று முப்பத்தாறு கற்படி ஏற வேண்டும். நாகசாகியில் பாதிப் பேருக்கு இதே கதிதான். அந்த வருடக் குளிர்காலம் தொட்டு, படியேறும்போது நெஞ்சைச் சுற்றி யாரோ சீட் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது போல ஒரு பிடிப்பு வர ஆரம்பித்தது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் நின்று துறைமுகத்தைப் பார்ப்பேன்.

"என்ன இவ்ளோ நேரம்?" என்பாள் சிசே.

"பெரிய கப்பல் ஒண்ணு வந்திருக்கு. பாத்துட்டு வந்தேன்."

"தினமும் வருதா?"

"துறைமுகம்னா கப்பல் வராம யானையா வரும்?"

அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் பரிசோதனை வேன் டிப்போவுக்கு வந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஓய்வறையில் ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் உயரம், எடை, இடுப்பு எல்லாம் அளந்தார்கள். என் முதல் நடையை முடித்துவிட்டு நேராகப் போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் தாகாவா. என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன், வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன, இந்த வருஷமும் எண்பத்து நாலரையா? மியூசியத்துல வைக்கலாம் உன் இடுப்ப."

"உன்னோடத வைக்க மியூசியத்துல இடம் பத்தாது. மூடிட்டு நில்லு."

திரைக்குப் பின்னால் போனேன். பழைய நர்ஸ் இல்லை. ஐம்பது வயதிருக்கும், குள்ளமான ஒரு அம்மாள். சட்டையில் மினே என்று எழுதியிருந்தது. என் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

உயரம் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. டேப்பைச் சுற்றினார்.

"இவானாகா-சான், சாதாரணமா மூச்ச வெளிய விடுங்க."

தலையாட்டினேன்.

"விட்டாச்சா?"

மறுபடியும் தலையாட்டினேன்.

"பேச மாட்டீங்களா?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து தாகாவா, "அவருக்குக் கூச்ச சுபாவம்மா, விட்டுடுங்க" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் அவசரப்படவில்லை. டேப்பை விடவும் இல்லை. அப்புறம் எனக்குப் பின்னாலிருந்து, ரேடியோவில் நேரம் சொல்வது போல ஒரே தொனியில் கேட்டார்.

"வலது?"

இருபத்தாறு வருடப் பழக்கம். விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்லாமல் வண்டி ஒரு அடி நகரக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம். ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது சொல்வோம். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வோம். என் கை தானாக நீண்டது.

"வலது சரி."

"இடது?"

"இடது சரி."

"முன்னாடி?"

"முன்னாடி சரி. கிளம்பறேன்."

கிளம்பியது வயிறுதான். ஆறு வருடமாக உள்ளே கிடந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்து டேப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"தொண்ணூத்தாறு" என்றார் மினே-சான். எழுதிக்கொண்டார்.

திரைக்கு வெளியே ஓய்வறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"இது ஏமாத்து வேலை."

"ஆமா. யாரு செஞ்சதுன்னுதான் பாக்கணும்" என்றபடி ஒரு நூல்கண்டை எடுத்தார். மறுபடி என்னைச் சுவரோரம் நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் நூலைப் பிடித்து வெட்டினார். அதைச் சரிபாதியாக மடித்து, என் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு முனையும் சேரவில்லை. நடுவில் ஆறு விரற்கடை இடைவெளி.

"எண்பத்தஞ்சு கணக்கெல்லாம் மறந்துடுங்க. உயரத்துல பாதிக்குள்ள இடுப்பு இருக்கணும். இந்த ஆறு விரலும் உள்ள குடலைச் சுத்திக் கிடக்கிற கொழுப்பு. ரத்தக் குழாய்க்கு எமன் அதுதான். அழகு பாக்கறதுக்கு யாரும் இங்க டேப் பிடிக்கல."

"சரி, சோத்தைக் குறைச்சுக்கறேன். முடிஞ்சுதா?"

"மேடு ஏறும்போது நெஞ்ச அடைக்குதா?"

"இல்ல."

"வீட்டுக்கு எத்தனை படி?"

"நூத்தி முப்பத்தாறு."

"எத்தனாவது படியில நிக்கறீங்க?"

"எழுபத்தெட்டு. மூணாவது விளக்கு." சொன்ன பிறகுதான் உறைத்தது. நிறுத்தம் எங்கே என்று கேட்டால் சரியாகச் சொல்லித்தான் பழக்கம். கையும் களவுமாக இரண்டாம் தடவையும் மாட்டிக்கொண்டேன்.

மினே-சான் சிரிக்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்தார். "எவ்ளோ நாளா?" என்று தணிந்த குரலில் கேட்டார். குளிர்காலத்திலிருந்து என்றேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல" என்றேன்.

"நிறுத்தி வச்ச பஸ்ல என்ன கோளாறு தெரியும்? மேடு ஏறும்போதுதானே தெரியும்" என்றார். வேனிலிருந்த டாக்டரிடம் காகிதத்தைக் கொண்டுபோகக் கிளம்பினார்.

நான் போய் வழியில் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன். "எழுதாதீங்க மினே-சான். ஸ்டியரிங் போயிடும். எனக்கு வேற வேலை தெரியாது."

"உங்க சீட்டுக்குப் பின்னாடி எத்தனை சீட்டு?"

"இருபத்தெட்டு."

"நிக்கறவங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாளே மேனேஜர் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக் காகிதம் வருகிற வரைக்கும் வண்டி கிடையாது என்றார். கையில் குழாய் வந்தது. எது நடக்கக் கூடாது என்று ஆறு வருடம் மூச்சைப் பிடித்தேனோ, அது நடந்துவிட்டது. என் ஏழாம் நம்பரை நானே கழுவினேன். அதை எடுத்துக்கொண்டு தாகாவா கிளம்பினான்.

"பின் சக்கரத்துல சேறு இருக்கு பாரு, மெட்டாபோ."

"உன் மூஞ்சியிலயும் இருக்கு. வா, கழுவி விடறேன்."

அந்த வாரம் முழுக்க மினே-சானைத் திட்டாத நேரமில்லை. குள்ளச்சி, வாயைப் பிடுங்கி, குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வீட்டிலும் அதே பாட்டு. கேட்டுக்கொண்டிருந்த சிசே, சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த அம்மா கால்ல விழணும் நீங்க."

"என்ன சொல்ற நீ?"

"மூணாவது விளக்குகிட்ட நிக்கறது சமையலறை ஜன்னல்லேர்ந்து தெரியும். குளிர்காலத்துலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா கப்பல்ங்கறீங்க. பேன்ட்டப் பிரிக்கறப்போ எல்லாம், இத எவ்ளோ நாளைக்குப் பிரிச்சுக்கிட்டு இருக்கப்போறோம்னு அழுதிருக்கேன். கேட்டா கத்துவீங்கன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன். என் தப்புதான் அது. அவங்க பயப்படல."

அவள் அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. என் கிண்ணத்தையும் கீழே வைத்தேன்.

ஆஸ்பத்திரி, என் ஏழாம் நம்பரின் கடைசி நிறுத்தம். அன்றைக்குப் பயணியாகப் போய் இறங்கினேன். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்துக்குப் போகிற முக்கியக் குழாய், நடுவில் நூலாக மெலிந்து கிடந்தது.

"தொண்ணூறு சதவீதம் அடைப்பு. நல்ல வேளை, வந்தீங்க."

"வராம இருந்திருந்தா?"

"அடுத்த வருஷமா இருந்திருக்கலாம். அடுத்த வாரமா இருந்திருக்கலாம். முழுசா அடைச்சா, கால் பிரேக்குல இருந்தாலும் அதை அழுத்த ஆள் இருக்க மாட்டாங்க."

நான் டிரைவர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அன்றைக்கே உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்துக் குழாயை விரித்துவிட்டார்கள். மறுநாள் காலை, கட்டில் ஜன்னலோரம். கீழே என் பாதை தெரிந்தது. சரியாகப் பத்து நாற்பதுக்கு ஏழாம் நம்பர் பதினாறாவது வளைவைத் திரும்பி ஏறி வந்தது. என் ஷிஃப்ட். வியாழக்கிழமை வேறு. வியாழக்கிழமைகளில் மழலைப் பள்ளிப் பிள்ளைகளை மேலே பூங்காவுக்குக் கூட்டிப்போவார்கள். ஜன்னலெல்லாம் மஞ்சள் தொப்பி. அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் தடுப்புக் கம்பி முழங்கால் உயரம்தான். அதற்குக் கீழே வரிசையாக ஓட்டு வீடுகள். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிற கம்பிதான். அன்றைக்குத்தான் அது எவ்வளவு குட்டை என்று தெரிந்தது.

மஞ்சள் தொப்பிகளை எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றுக்கு மேல் கண் மறைத்தது. நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த நிமிடம் மினே-சான் எதிரில் வந்திருந்தால், சிசே சொன்னபடியே காலில் விழுந்திருப்பேன். வாரம் முழுக்கத் திட்டிய வாயால் அன்றைக்கு அவருக்கு ஆயுசு கேட்டேன்.

அப்புறம் ஆறு மாதம் வண்டி இல்லை. டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். நூலைப் பர்ஸில் வைத்திருந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு சிசே அதை என் இடுப்பைச் சுற்றிப் பிடிப்பாள். ஆறு விரல் ஐந்தாயிற்று, நாலாயிற்று. நாலிலேயே இரண்டு மாதம் நின்றது. சம்பொன் கடைக்குப் போனால் நூடுல்ஸில் பாதியைத் தள்ளி வைப்பேன், சூப்பைக் குடிக்க மாட்டேன். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். கற்படியில் இப்போது நிற்பதில்லை. ஒரு நாள் மூன்றாவது விளக்கருகே பழக்க தோஷத்தில் நின்றுவிட்டேன். நிஜமாகவே ஒரு பெரிய கப்பல் வந்திருந்தது. மேலே ஜன்னலிலிருந்து சிசே பயந்துபோய் இறங்கி ஓடி வந்தாள். அவளையும் நிறுத்திக் கப்பலைக் காட்டினேன்.

டிசம்பரில் கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார். வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தேன். வலது சரி, இடது சரி, முன்னாடி சரி என்றேன். குரல் உடைந்தது. மைக் போட்டிருந்தது தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "டிரைவர்-சான், ஜலதோஷமா?" என்று இருமல் மிட்டாய் கொடுத்தார்.

மறுபடியும் ஜூன், மறுபடியும் அந்த வேன். பக்கத்து வீட்டு மரத்தில் பறித்த பிவா பழங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தாள் சிசே. அதைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். மினே-சான் இருந்தார். வயிற்றை இழுக்கவில்லை. சட்டையைத் தூக்கிக்கொண்டு, மூச்சை விட்டுவிட்டு, சும்மா நின்றேன்.

"எண்பத்தஞ்சரை" என்றார்.

வெளியே தாகாவா சும்மா இருப்பானா? "மியூசியத்துல எண்பத்து நாலரை இருந்துச்சே. ஒரு சென்டிமீட்டர் ஏறிப்போச்சா?"

மினே-சான் பேனாவோடு என்னைப் பார்த்தார். "கோட்டைத் தாண்டிடுச்சு. எழுதத்தான் வேணும்."

"எழுதுங்க. அந்த அரை என்னோடது. இத்தனை வருஷத்துல நானா கொடுக்கற முதல் உண்மையான நம்பர் இது." சொல்ல வேண்டியதைப் படியேறும்போதெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. பழப் பையை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தேன். "உயிரோட இருக்கேன். உங்களாலதான்" என்று மட்டும் வந்தது.

அவர் பையை வாங்கிக்கொண்டார். "உங்க வீட்டம்மா கடிதம் போட்டாங்க, தெரியுமா?"

தெரியாது. என் வீட்டில் எனக்குத் தெரியாதது நிறைய இருந்திருக்கிறது.

"ஒண்ணு கேக்கணும். போன வருஷம் வலதுன்னு கேக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"அன்னைக்குக் காலைல உங்க பஸ்லதான் வந்தேன். ரெண்டாவது சீட்டு. சக்கர நாற்காலியில ஒருத்தர் இறங்கினாரு இல்ல? பலகையப் போட்டுத் தள்ளிவிட்டுட்டு வந்து உக்காந்தீங்க. வண்டிய எடுக்கல. கைய நெஞ்சுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க, கண்ணாடியில தெரிஞ்சுது. அப்புறம் வலது சரின்னீங்க. குரல்ல காத்தே இல்ல." நூல்கண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "மிச்ச வளைவெல்லாம் கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். இங்க வந்து பட்டியலப் பாத்தா உங்க பேருக்கு நேரா எண்பத்து நாலரை. கேட்டா இல்லம்பீங்கன்னு தெரியும். உங்க வாய்க்குத் தெரியாத மாதிரி உங்களப் பேச வைக்கணும்னு நினைச்சேன். இடுப்பு அன்னைக்கு ரெண்டாம்பட்சம்தான்."

நான் அவரைத் திட்டிய அந்த வாரத்தை நினைத்தேன். அவர் என் பஸ்ஸில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். இருபத்தெட்டு சீட்டில் ஒன்று அவருடையது. மறுபடியும் குனிந்தேன். நிமிர ரொம்ப நேரம் ஆனது.

"போங்க, அடுத்தவர் நிக்கறாரு" என்றார்.

அடுத்தவன் தாகாவா. என்னைத் தாண்டி உள்ளே போனான். முகத்தைப் பார்த்தேன். அவனும் எங்கேயோ ஒரு சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாத முகமா அது? போன மாதம் டிப்போவின் பின்பக்கப் படியில் அவன் பாதியில் நின்று, ஷூ கயிறு கட்டுவதாகக் குனிந்ததும் ஞாபகம் வந்தது. எங்கள் ஷூவில் கயிறே கிடையாது.

"தாகாவா-சான், மூச்ச விடுங்க."

சத்தமில்லை.

"விட்டாச்சா?"

சத்தமில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரிக்கக் காத்திருந்தார்கள். நான் திரைக்கு வெளியே ஓரமாக நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"வலது?" என்றேன்.

"வலது சரி" என்றான் தாகாவா. அப்புறம், "அடப்பாவி" என்றான்.

"நூத்தி ரெண்டு" என்றது மினே-சானின் குரல். நூல் வெட்டுகிற சத்தம் கேட்டது.

"இவானாகா, வெளிய வந்து உன்ன என்ன பண்றேன் பாரு."

"ஒரு வாரம் திட்டுடா" என்றேன். "நான் அவ்ளோதான் திட்டினேன்."